இல்லாத மாதிரி ஒரு கட்டடம்

“கண்ணாடி மாதிரி வேணும்னேன். கட்டையைக் கொண்டுவந்து நட்டு வெச்சிருக்கே?”

நகரத் திட்ட அலுவலகத்தின் கூட்ட அறையே திரும்பிப் பார்த்தது. ஆர்க்கிடெக்ட் அம்மாவின் முன்னால் மாடல் செய்பவர் தலைகுனிந்து நின்றார். அவருக்கு அறுபது வயது இருக்கும். அம்மாவுக்கு அதில் பாதி.

“பதினெட்டு மாடியையும் அக்ரிலிக்ல பண்ணச் சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்கம்மா. அது விரிசல் விட்டுடுச்சு. கையில தேக்குதான் இருந்துச்சு.”

“கையில இருந்தது சரி. தலையில ஏதாவது இருந்துச்சா?”

மேசைமேல் அடுக்குமாடி பழுப்பு நிறத்தில் கனமாக நின்றது. அதன் காலடியில், கட்டைவிரல் அளவில், சாம்பல் நிற அட்டையில் ஓர் ஆரம்பப் பள்ளி. தெருவும் அதே சாம்பல் அட்டைதான். பள்ளி கண்ணில் படக் கூடாது, அடுக்குமாடி காற்றாகத் தெரிய வேண்டும் என்பது பில்டரின் கட்டளை. அவரைப் பொறுத்தவரை இல்லாத மாதிரித் தெரிவதே நல்ல கட்டடம். அனுமதி கிடைக்கும் வரைக்கும்.

“வயசுல மூத்தவரை இப்படியா பேசறது?” என்று முணுமுணுத்தார் பள்ளியின் தலைமையாசிரியை. ஆட்சேபம் இருந்தால் வந்து சொல்லும்படி அவருக்குக் கடிதம் போயிருந்தது.

பில்டருக்கு மனசு ஆறவில்லை. “இன்னும் நாலு போடுங்கம்மா. உறைக்கட்டும்.”

அம்மா போட்டார். “பசை டப்பா கழுவக்கூட லாயக்கில்லை. உனக்கு உளி ஒரு கேடு!”

பிறகு பில்டரிடம், “சார், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போட்டுடலாமா?” என்றார்.

“அது மூணு மாசம் கழிச்சு. விளையாடறீங்களா? இதையே வைங்க.”

அனுமதி தரும் அதிகாரி வந்தார். மேசையோரம் ஒரு விளக்கு இருந்தது. கட்டடத்தின் ஊடே வெளிச்சம் பாய்வதைக் காட்டுவதற்காக பில்டரே வாங்கி, சூரியன் வரும் பக்கமாக வைத்த விளக்கு.

“இது எதுக்கு?”

“சும்மா... அழகுக்குங்க,” என்றார் பில்டர்.

“அழகைப் பார்ப்போமே.” அதிகாரி சுவிட்சைப் போட்டார்.

தலைமையாசிரியை குனிந்து தேடினார். “எங்க ஸ்கூல் எங்கே?”

“அந்த இருட்டுக்குள்ளதாங்க இருக்கு,” என்றார் மாடல் செய்பவர் பணிவாக.

“விளையாட்டு மைதானம்?”

“அதுவும் உள்ளேதான்.”

அதிகாரி விளக்கை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். நிழலும் நகர்ந்தது. பள்ளியை விட்டு மட்டும் நகரவில்லை.

“பிள்ளைங்களுக்கு வெயிலே கிடையாதா?” கையெழுத்துப் போட எடுத்த பேனாவை மூடினார். “எட்டு மாடின்னா வாங்க, பேசலாம்.”

பில்டர் கிளம்பும்போது பல்லைக் கடித்தார். “அந்தக் கழுதை இனிமே என் வேலையில கை வைக்கக் கூடாது.”

“என் கண்ணுலயே பட மாட்டான் சார்.”

பில்டரின் கார் தெருமுனையில் மறைந்தது. அம்மா தன் வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டு, மாடலின் மறுமுனையைத் தானே பிடித்துத் தூக்கினார்.

“அண்ணே... ரொம்பப் பேசிட்டேனா?”

“எங்கே பேசினீங்க? நேத்து ஒத்திகையில பதினோரு திட்டும்மா. இன்னிக்கு ஒன்பதுதான் வந்துச்சு.”