இருவர் தின்ற அகராதி

தமிழ்–உருது அகராதி ஒன்றில் இரண்டு ராமபாணப் பூச்சிகள் குடியேறின. கிழட்டுப் பூச்சி தமிழ்ப் புத்தகங்களைத் தின்று வளர்ந்தது. மற்றது உருதுப் புத்தகங்களை.

"புத்தகத்துக்குத் தலை இடப்பக்கம், பாய். நீர் வாலிலிருந்தா சாப்பிடுவீர்?" என்று சிரித்தது கிழடு.

"வலப்பக்கம்தான் தலை, அண்ணே. உங்களுக்குத்தான் வால் எதுன்னு தெரியல."

ரோஷம் வந்து ஆளுக்கொரு பக்கமாக அரிக்க ஆரம்பித்தன. ஒரு வருஷம் பேச்சே இல்லை. கடைசியில் நடுவில் மீசையோடு மீசை முட்டியபோது ஒரே ஒரு தாள்தான் மிச்சம். யார் தின்பது என்று தயங்கி, முதல்முறையாக அதைப் படித்துப் பார்த்தன. சந்தா, சர்க்கார், சாமான். எழுத்துத்தான் வேறு, இரண்டு பக்கமும் அதே சொல்.

"அட, நாம இவ்வளவு சொந்தமா பாய்!" என்றது கிழடு.

"உங்க பக்கத்துல இன்னும் என்னவெல்லாம் இருந்துச்சு அண்ணே?"

கிழடு யோசித்து யோசித்துப் பார்த்தது. அதற்குக் காகிதத்தின் ருசி மட்டும்தான் நினைவிருந்தது.