உலை முன்னே உளறியவன்

பிளாஸ்மா உலைக்குள் மின்சாரச் சுடரான மின்வில் பற்றிக்கொண்டதும் பட்டறை முழுக்க வெள்ளை வெளிச்சம் பரவியது. காதைப் பிளக்கும் இரைச்சல். வாரக்கணக்கில் முரண்டு பிடித்த உலைக்குள் டைட்டானியம் துண்டுகள் வெண்ணெயாக உருகின. உலையை இயக்குபவனுக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்தில் வெள்ளிநிற அங்கியும் கறுப்பு முகமூடியுமாக நின்ற ஆளின் தோளைத் தட்டிக் கத்தினான்.

“மச்சான், இந்தச் சந்தோஷத்துலயே சொல்லிடுறேன். கண்ட்ரோல் ரூம் இன்ஜினியரைத்தான் கட்டிக்கப்போறேன். அவளுக்கும் சம்மதம்.”

முகமூடி மெல்லத் திரும்பியது.

“அவங்கம்மா நம்ம மேனேஜரம்மாங்கிறதுதான் பயமா இருக்கு. அந்தம்மா சிரிச்சு நீ பாத்திருக்கியா?”

முகமூடி இல்லையென்று ஆடியது.

“அவளைக் கண் கலங்காம வச்சுப்பேன்டா. அதை அவங்ககிட்ட யார் சொல்றது? எனக்காக நீ பேசேன்.”

உருக்கல் முடிந்து மின்வில் அணைந்தது. இரைச்சலும் அடங்கியது. அப்போது பின்னாலிருந்து அவன் கூட்டாளியின் குரல் கேட்டது.

“டேய், முதல் உருக்கலைக் கிட்ட நின்னு பாக்கணும்னு மேடம் என் அங்கியை வாங்கிப் போட்டுக்கிட்டாங்கடா.”

முகமூடி கழன்றது. மேனேஜரம்மாவேதான்.

“மேடம், நான் வந்து… அவன்னு நினைச்சு…”

அந்தம்மா நெற்றி வியர்வையைத் துடைத்தார். அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உலைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

“அடுத்த உருக்கலுக்கு வாயு அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக்குங்க, மாப்பிள்ளை.”