மறுபடியும் கிளட்ச்

“எல்லாம் என் மருமக பாத்த வேலை பாய். கிளட்ச்சு மறுபடியும் போச்சு.”

பட்டறைக்குள் காரை நிறுத்தி முழுசாக இறங்கும் முன்பே யோசேப்பு புகாரைத் தொடங்கிவிட்டார். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவர். கார், ரெண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய டீசல் வண்டி. அதன் மேல் அவர் வைத்த பாசத்தில் பாதிகூட சொந்த மகன் கிங்ஸ்லிக்குக் கிடைத்ததில்லை.

மெக்கானிக் கலீபுல்லா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “கிறிஸ்மசுக்குத்தானேண்ணே புதுசு போட்டோம்?”

“அதத்தான் நானும் கேக்குறேன். நேத்து போடிமெட்டு ஏத்தத்துல இன்சின் உறுமுது, வண்டி நகர மாட்டேங்குது. கருகுன வாடை வேற. பாதி வழியில திருப்பிட்டு வந்துட்டேன்.”

கலீபுல்லா உள்ளே உட்கார்ந்து கை பிரேக்கை இழுத்துவிட்டு, மூணாவது கியரில் கிளட்சை மெல்ல விட்டார். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் திணறி நின்றிருக்க வேண்டும். இது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“பிளேட்டு தேஞ்சிருச்சுண்ணே. யாரோ பெடல் மேல கால வச்சுக்கிட்டே ஓட்டுறாங்க.”

“யாரோ என்ன யாரோ? கிருபாராணிதான்.”

போன தடவையும் இதே தீர்ப்புதான். கிறிஸ்மசுக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால் வைத்தே மருமகளை வாங்கு வாங்கென்று வாங்கினார். “நான் அப்படி ஓட்டலை மாமா” என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். கார் சாவி அன்றைக்கே யோசேப்பின் சட்டைப் பைக்குள் போனது. சிலமலைப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் கிருபாராணி, அன்றிலிருந்து பஸ்சில் தொங்கிக்கொண்டுதான் போய் வருகிறாள்.

“சாவி உங்ககிட்டத்தானேண்ணே இருக்கு?”

“நான் மத்தியானம் கண்ணசருவேன்ல, அப்ப எடுத்திருப்பா.”

“அப்ப அவங்க பள்ளிக்கூடத்துல இருப்பாங்களே?”

“ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இருக்குல்ல பாய்?”

மருமகள் மேல் பழியைப் போடுவது என்று முடிவு செய்துவிட்டால், வாரத்தில் அதற்கென்று ஒரு நாள் கிடைக்காமலா போகும்?

“அதோட விட்டாளா? என்னய நோயாளியாக்கப் பாக்குறா. ‘மாமா, உங்களுக்குச் சக்கரை ஏறியிருக்கு, ஒருக்கா கால டாக்டருகிட்ட காட்டிட்டு வருவோம்’னு தெனமும் நச்சரிப்பு. எதுக்குங்கிறீங்க? நான் படுத்துட்டா வண்டி அவ கைக்கு வந்துரும்ல. என் காலு எனக்குத் தெரியாதா?”

கலீபுல்லா காரிலிருந்து இறங்கி, சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்தார்.

“முந்தல் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வருவோம்ணே. நீங்களே ஓட்டுங்க, நான் பக்கத்துல இருந்து பாக்குறேன்.”

ஏற்றத்தில் அடம்பிடித்த கார், சமதரையில் நல்ல பிள்ளையாக ஓடியது. யோசேப்பு மருமகளைப் பற்றிய மிச்சத்தையும் சொல்லிக்கொண்டே ஓட்டினார். ஊர் தாண்டியதும் கலீபுல்லா மெதுவாகச் சொன்னார்.

“அண்ணே, எடது கால பெடல்ல இருந்து எடுங்க.”

“அது கீழதான இருக்கு.”

“ஓரமா நிறுத்திட்டுக் குனிஞ்சு பாருங்க.”

யோசேப்பு சலித்துக்கொண்டே நிறுத்தினார். குனிந்தார்.

இடது கால் கிளட்ச் பெடலின் மேல் சொகுசாக உட்கார்ந்திருந்தது. வெறுங்கால். செருப்பைக் காணோம்.

“பட்டறையில நிக்கையிலயே கழண்டிருக்கும்ணே,” என்றார் கலீபுல்லா.

யோசேப்பு இரண்டு கையாலும் காலைத் தூக்கிப் பார்த்தார். குதிகாலில் பட்டறைத் தரையின் இரும்புச் சில்லு ஒன்று குத்திக்கொண்டு நின்றது. பெடல் ரப்பரில் ரத்தம். சில்லைத் தொட்டுப் பார்த்தார், அழுத்தியும் பார்த்தார். வலிக்கவில்லை. கால் யாருடையதோ போல் இருந்தது.

சாவி கிறிஸ்மசிலிருந்து இந்தச் சட்டைப் பையைவிட்டு எங்கேயும் போகவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்தப் பிள்ளையை எத்தனை பேர் முன்னால் என்னவெல்லாம் பேசினோம் என்று நினைத்தபோது, காலில் வராத வலி நெஞ்சில் வந்தது.

“எறங்கி இந்தப் பக்கம் வாங்கண்ணே, நான் ஓட்டுறேன். வெரசா ஆஸ்பத்திரிக்குப் போவோம். கிளட்ச்ச பொறவு பாத்துக்கிடலாம்.”

கார் போடியை நோக்கித் திரும்பியது. யோசேப்பு இடது காலைக் கையால் பிடித்துக்கொண்டே கேட்டார்.

“வண்டியக் கழட்டிக்கூடப் பாக்கல. எப்படி பாய் என் காலுதான்னு கண்டுபிடிச்சீங்க?”

“நான் எங்கண்ணே கண்டுபிடிச்சேன்?” கலீபுல்லா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “காலையில பஸ்சுக்குப் போற வழியில உங்க மருமக பட்டறைக்கு வந்தாங்க. ‘கிளட்ச்சு என்னாலதான் போச்சுன்னே இருந்துட்டுப் போகட்டும் பாய். மாமாவோட எடது கால மட்டும் அவங்க கண்ணுல காட்டிருங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க, வண்டி சொன்னா நம்புவாங்க’ன்னாங்க.”