ஐடி யாருது?

"தொண்ணூறாவது லெவல் வந்தாச்சுல்ல? பாஸ்வேர்டை மாத்திட்டேன்" என்றார் கேம் ஐடியின் சொந்தக்காரர், போனில் அவனிடம்.

அடுத்தவர்களுக்காக ஆன்லைன் கேம் ஆடிக்கொடுப்பதுதான் அவன் பிழைப்பு. மனைவி மகளோடு பிரிந்துபோய், போன் நம்பரையும் மாற்றியபின், இரண்டு வருடமாக இவர் ஐடியே கதியென்று கிடந்தான்.

"சம்பளமே வேணாம் சார். இன்னும் ஒரு வாரம் ஆடறேனே!"

"ஆடினது நீயா இருக்கலாம். ஐடி என்னோடதுய்யா."

"அப்போ ஒரே ஒரு தடவை உள்ளே விடுங்க சார். 'குட்டிப்புயல்'னு ஒரு ஃப்ரெண்டு. ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

"அந்த லூசா? நான் உள்ளே போனதும், 'அப்பா, வந்துட்டீங்களா?'ன்னு மெசேஜ். ஏதோ ஃப்ராடுன்னு கம்பெனிக்கு ரிப்போர்ட் பண்ணேன். அவ ஐடியையே தூக்கிட்டாங்க. தொல்லை விட்டுது!"