நடுப்பாட்டு

மருமகளின் தலையை வாரி முடித்தபோது கோயில் மாடியில் எக்காளம் எழும்பியது.

ஆரோக்கியம்மாள் சீப்பைக் கீழே வைத்தாள்.

மார்க்கையன்கோட்டை வயல்களில் நாற்று நடுகிறவர்கள் இந்நேரம் இடுப்பை நிமிர்த்தியிருப்பார்கள். மொராவியக் கிறிஸ்தவச் சபையில் சாவு சொல்ல ஆள் அனுப்புவதில்லை. நாலு பேர் மாடியேறி மூன்று ஞானப்பாட்டு ஊதுவார்கள். முதல் பாட்டு, சாவு விழுந்தது என்று சொல்லும். நடுப்பாட்டு, போனது யார் என்று சொல்லும். குழந்தைக்கு ஒரு ராகம், குமரிக்கு ஒன்று, கட்டியவனுக்கும் கட்டியவளுக்கும் தனித்தனியே, கைம்பெண்ணுக்கு வேறு.

மருமகள் மதலேனாள் விடியக்காலையில்தான் கண்ணை மூடினாள். மலைக்காய்ச்சல்.

மகன் இருதயம் வந்து நின்றால் என்ன சொல்வது? ஆரோக்கியம்மாளுக்கு அழுகையைவிட அதுதான் பெரிதாக இருந்தது.

ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு அவனிடமிருந்து தகவலே இல்லை. அவனோடு வேலை பார்த்த ஒச்சாண்டி மட்டும் ஆடி மாதம் நடந்தே ஊர் வந்து சேர்ந்தான். மதலேனாள் அவனுக்கு வாசலில் கஞ்சி ஊற்றி, நெடுநேரம் பேசிவிட்டு உள்ளே வந்தாள்.

"அவுக பின்னாடி வர்ற கூட்டத்துல வாராகளாம் அத்தை. கால்ல புண்ணு, அதான் சுணக்கம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"தாலியோட போறா. குடுத்து வச்சவ," என்றாள் பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள்.

முதல் பாட்டு அடங்கி, நடுப்பாட்டு தொடங்கியது.

கைம்பெண்ணுக்கான பாட்டு.

பஞ்சம்மாள் சாவு வீடு என்பதையும் மறந்து சிரித்துவிட்டாள். "மதினி, ஒங்க பாட்டையில்ல ஊதுறாக."

"எக்காளம் ஊதுற ஞானசிகாமணிக்கு நான் எப்ப போவேன்னு இருக்கு போல," என்றாள் ஆரோக்கியம்மாள். அந்த வீட்டில் தாலியறுத்தவள் அவள் ஒருத்திதானே.

வயலிலிருந்து ராமுத்தாய் சேற்றுக் கையோடு ஒப்பாரி வைத்துக்கொண்டே ஓடிவந்தாள். வாசலுக்கு வந்து ஆரோக்கியம்மாளை உயிரோடு கண்டதும் ஒப்பாரி பாதியில் அறுந்தது.

மேலே அதே ராகம் இரண்டாம் சரணத்துக்குப் போனது.

ஒருத்தன் தப்பலாம். நாலு பேர் சேர்ந்து எப்படித் தப்புவார்கள்?

நேற்றுப் பொழுது சாய மதலேனாள் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, எக்காள வாத்தியார் ஞானசிகாமணியிடம் மட்டும் பேசினாள். அடக்கத்துக்குப் பாட்டு சொல்கிறாள் என்றுதான் ஆரோக்கியம்மாள் நினைத்திருந்தாள். அவர் வெளியே வந்து இவள் முகத்தைப் பார்த்தார். "அக்கா" என்றார். உடனே படியிறங்கிப் போய்விட்டார்.

ஒச்சாண்டியும் அன்றைக்குப் பிறகு இந்தத் தெருப் பக்கம் வரவேயில்லை.

ஆரோக்கியம்மாள் மருமகளின் கழுத்தில் கிடந்த தாலியைப் பார்த்தாள்.

இந்த வீட்டில் ஆடியிலிருந்தே கைம்பெண்கள் இரண்டு பேர்.

பஞ்சம்மாள் என்னவோ கேட்டாள். ராமுத்தாய் ஆரோக்கியம்மாளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். எதுவும் எட்டவில்லை. எக்காளம் மட்டும் கேட்டது.

மூன்றாம் பாட்டும் முடிந்தது. இனி அவர்கள் இறங்கிவிட வேண்டும்.

இறங்கவில்லை.

முதல் பாட்டு மறுபடி எழும்பியது. வயல் பக்கம் யாரோ, "ஏலே, இன்னொரு சாவுடா," என்று கத்தினார்கள்.

அதுவும் முடிந்தது. ஊதுகிறவர்கள் மூச்சு வாங்கினார்கள். அடுத்து வருவது எந்த ராகம் என்று ஆரோக்கியம்மாளுக்குத் தெரியும். கட்டியவனுக்கான ராகம்; அவள் புருஷன் போன அன்றைக்கு ஊதியது.

அவள் சட்டென்று குனிந்து, மருமகளின் இரண்டு காதுகளையும் உள்ளங்கைகளால் இறுகப் பொத்தினாள்.