ஏழாம் நம்பர் பலகை

துப்பாக்கி சுடும் போட்டி முடிந்து டப்போ ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் டெஸ் பொருமிக்கொண்டே வந்தான்.

"லேசர் வெச்சு கண்ணையே கெடுத்துட்டான் அந்த டாக்டர்! போன வருஷம் மங்கலாத் தெரிஞ்சப்ப கோப்பை வாங்கினேன். இப்ப பளிச்சுனு தெரியுது, கடைசி ஆளா வந்து நிக்கிறேன்."

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள் மனைவி நோலீன். இந்த வருஷக் கோப்பை அவளுக்கு.

"இன்னிக்கு எந்தக் குறிப் பலகையில சுட்டே?"

"ஏழு. என்னோடதுதான். நம்பர்கூட நல்லாத் தெரிஞ்சுதே."

"போன வருஷம் தெரியலை. என்னோட எட்டுலயே சுட்டுக்கிட்டிருந்தே. பக்கத்துல துப்பாக்கியோட படுத்திருந்த நான் அதைப் பார்த்துட்டு உன் ஏழுல சுட்டேன். புள்ளியெல்லாம் உன் பேருல விழுந்துது."

டெஸ் அவள் பக்கம் திரும்பினான்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"மழையில்லாம ஆட்டையெல்லாம் வித்த வருஷம், டெஸ். அந்தக் கோப்பையை வாங்கினப்பதான் நீ சிரிச்சே."