கிரகணப் பழி

“கிரகணத்தன்னிக்கு வெளிய போகாதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன் டாக்டரம்மா. இவ கேட்டாளா? கரும்புக் கொல்லைக்குப் போயிட்டு வந்தா. இப்பப் பாருங்க, புள்ளைக்கு மேலுதடு பொளந்து கெடக்கு!”

பெரம்பலூர் மருத்துவமனைக்கு வந்ததிலிருந்தே ராசாத்தி மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். பச்சைக் குழந்தையை மடியில் வைத்திருந்த வினோதினி தலை நிமிரவே இல்லை.

“உதட்டை ஆபரேஷன்ல சரி பண்ணிடலாம்மா. கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. இதைப் பத்தித்தான் நான் வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்றேன்,” என்று முகச் சீரமைப்பு அறுவை நிபுணர் மணிமொழி மறுபடியும் சொன்னார்.

“உங்க ஆராய்ச்சி கெடக்கட்டும். எங்க எறையூர்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க!”

மணிமொழி பொறுமையிழந்து மாஸ்க்கைக் கழற்றினார். அவரது மேலுதட்டில் பழைய தையல் தழும்பு தெரிந்தது.

“கிரகணத்தன்னிக்கு எங்கம்மாவை என் அப்பத்தா உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க. ஜன்னலைக்கூட கோணியால அடைச்சாங்க. அப்படியும் நான் இப்படித்தான் பொறந்தேன்.”

ராசாத்தி டாக்டரின் தழும்பையும் பேத்தியின் உதட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள்.

“ஏண்டி, இவளை டாக்டருக்குத்தான் படிக்க வெக்கணும். இதையாவது நான் சொன்னாக் கேளு!”